ஆரக்கிளை விட்டு ஓடும் முன் ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள்

வணக்கம். உங்கள் எஸ்ஏபி ஈசிசி 6.0 (கணக்கு, கொள்முதல், கிடங்கு வேலைகளைக் கவனிக்கும் எஸ்ஏபி நிறுவனத்தின் மென்பொருள்) ஆரக்கிள் நிறுவனத்தின் தரவுத்தளத்தில் ஓடுகிறது, இரு நிறுவனங்களும் போட்டியாளர்கள் என்பதால் திடீரென ஆதரவு நின்றுவிடுமோ என்று மேலாளர் அஞ்சுகிறார் என எழுதியிருந்தீர்கள்.

அந்தப் பயம் வேண்டாம். 2007-இல் ஆரக்கிள் எஸ்ஏபி மீது வழக்குத் தொடுத்தது. 2010-இல் நடுவர் குழு 130 கோடி டாலர் இழப்பீடு என்றது. பின்னர் அது வெகுவாகக் குறைந்து 2014-இல்தான் வழக்கு முடிந்தது. அந்தச் சண்டை நடந்தபோதும் எஸ்ஏபி ஆரக்கிள் உரிமங்களை விற்றுக்கொண்டுதான் இருந்தது. இருவருக்கும் வாடிக்கையாளர் ஒருவரே, என்ன செய்வார்கள்!

உண்மையான நெருக்கடி வேறு. ஈசிசிக்கு அடுத்த தலைமுறையாக 2015-இல் வந்த எஸ்/4 ஹானா, எஸ்ஏபியின் சொந்த ஹானா தரவுத்தளத்தில் மட்டுமே இயங்கும். ஈசிசிக்கான வழக்கமான பராமரிப்பு 2027 இறுதிவரைதான். கூடுதல் கட்டணம் கட்டினால் 2030 வரை. இந்த இரண்டும் மேம்பாட்டுத் தொகுப்பு (ஈசிசியில் புதிய வசதிகளைச் சேர்க்கும் தொகுப்பு) 6 முதல் 8 வரை வைத்திருப்பவர்களுக்கே. நிறுவப்பட்ட மென்பொருள் கூறுகளின் பட்டியலில் எஸ்ஏபி_ஏபிபிஎல் (SAP_APPL) வரியில் 617 என்று இருந்தால் உங்களுடையது 7, 618 என்றால் 8.

அடுத்து, ஆரக்கிள் உரிமத்தை யாரிடம் வாங்கினீர்கள் என்று பாருங்கள். எஸ்ஏபி வழியாக வாங்கியது என்றால் அது பெரும்பாலும் எஸ்ஏபி பயன்பாட்டுக்கு மட்டுமான உரிமம். உங்கள் கிடங்கு அறிக்கை மென்பொருள் அதே தரவுத்தள அட்டவணைகளை நேரடியாகப் படிக்கிறது என்றீர்களே, எனக்கு அதுதான் கவலை. உரிமத் தணிக்கை வருவதற்குள் அந்த இணைப்பை எஸ்ஏபி இடைமுகம் வழியாக மாற்றிவிடுங்கள்.