பிற நாயைக் கண்டாலே பாயும் நாயை எங்கே நடத்திச் செல்வது?

கேள்வி: எங்கள் நான்கு வயது நாய் வீட்டுக்குள் பரம சாது. தெருவில் இறங்கியதும் வேறு நாயையோ பைக்கையோ கண்டால் சங்கிலியை இழுத்துக்கொண்டு குரைத்துப் பாய்கிறது. காலை ஐந்து மணிக்கே புறப்பட்டுப் பார்த்தும் பயனில்லை. தினமும் சந்தைப் பக்கம் கொண்டுபோனால் பழகிவிடும் என்கிறார் என் மாமனார். அமைதியாக நடப்பதற்கு எங்கே போவது?
– வாசகி, தக்கலை

பதில்: மாமனார் சொல்லும் வழி மட்டும் வேண்டாம். இப்படிப் பாயும் நாய்களில் பலவும் அச்சத்தாலோ, சங்கிலி தடுக்கும் தவிப்பாலோதான் பாய்கின்றன. விலகிச் செல்ல இடமில்லாத கூட்டத்தில் நிறுத்தினால் அந்த அச்சம் கூடவே செய்யும், சில நாள்களில் அது அடங்கிவிட்டதுபோல் வெளியே தோன்றினாலும்கூட.

ஒவ்வொரு நாய்க்கும் தாங்கிக்கொள்ளக்கூடிய ஒரு தூரம் உண்டு. அதற்கு அப்பால் வேறொரு நாய் நின்றால், உங்கள் நாய் அதைப் பார்த்துவிட்டு உங்கள் கையிலுள்ள தீனியை வாங்கித் தின்னும். அது நெருங்கிவிட்டாலோ நீங்கள் அழைப்பதே காதில் விழாது. ஆகவே ஆளரவம் குறைவாக இருந்தால் மட்டும் போதாது. எதிரில் வருவது தொலைவிலேயே தெரிய வேண்டும், திரும்பிச் செல்லவும் வழி இருக்க வேண்டும். இருபுறமும் மதில் எழும்பிய இடவழி எவ்வளவு அமைதியாக இருந்தாலும் இதற்கு உதவாது.

உங்கள் பகுதியின் ரப்பர் தோட்டங்கள் ஏற்றவை, ஆனால் விடியற்காலையில் அல்ல. பால் வெட்டுவோர் இருட்டோடு விளக்குடன் வந்து மரத்துக்கு மரம் நடமாடுவார்கள். அந்த வெளிச்சமே உங்கள் நாயைக் கலவரப்படுத்தப் போதும். சிரட்டையில் வடிந்த பாலைச் சேகரித்து அவர்கள் திரும்பிய பிறகு, வெயில் தாழும் வேளையில், தோட்டக்காரரின் அனுமதியுடன் செல்லுங்கள். மழைக்காலத்தில் அடிக்காடு மண்டியிருக்கும்போது பாம்பை நினைத்து, வண்டி செல்லும் பாதையை விட்டு விலகாதீர்கள். நாஞ்சில் நாட்டுப் பக்கம் இருப்பவர்களுக்குக் கும்பப்பூ எனும் இரண்டாம் போக நெல் அறுவடை முடிந்த வயல்கள் கண்ணுக்கெட்டிய தூரம் திறந்து கிடக்கும். வாத்துக் கூட்டம் மேய வந்திருந்தால் அன்று வேறு பக்கம் போக வேண்டியதுதான். சுசீந்திரம், தேரூர் குளக்கரைகள் எவ்வளவு அழகானாலும் பறவைகளுக்கானவை. அங்கே நாயுடன் போகாமல் இருப்பதே முறை. மீன் இறங்கும் கடற்கரைகளில் ஊர்நாய்கள் கூடும் என்பதால் அவையும் சரிப்படாது.

கழுத்தை நெரிக்கும் சங்கிலிக்குப் பதிலாக நெஞ்சோடு அணியும் ஹார்னஸும், ஐந்து மீட்டர் நீளமுள்ள உறுதியான கயிறும் வாங்குங்கள். நாயை விரைந்து இழுத்துச் செல்லாமல், விரும்பிய இடத்தில் நின்று மோப்பம் பிடிக்க விடுங்கள். இப்படி இருபது நிமிடம் உலவுவது, மல்லுக்கட்டி நடக்கும் ஒரு மணி நேரத்தைவிட நாயைச் சாந்தப்படுத்தும். தொலைவில் நாய் தென்பட்டதும், குரைக்கத் தொடங்கும் முன்பே தீனியைக் காட்டித் திரும்பிவிடுங்கள். எவ்வளவு கவனித்தும் ஒருநாள் பெரிதாகப் பாய்ந்துவிட்டால், அந்தப் பதற்றம் உடலில் எளிதில் தணியாது. மறுநாள் வெளியே கொண்டுபோகாமல் முற்றத்துப் புல்லில் தீனியைச் சிதறித் தேட விடலாம். முன்பு ஒழுங்காக நடந்துகொண்டிருந்த நாய் அண்மையில்தான் இப்படி மாறியிருந்தால், மூட்டிலோ காதிலோ வலி இருக்கிறதா என்று கால்நடை மருத்துவரிடம் முதலில் காட்டிவிடுங்கள்.