பத்மினிக்கு 280 டிகிரி கேம் போடலாமா?

கேள்வி: தண்டையார்பேட்டையில் இருக்கிறேன். அப்பா விட்டுச்சென்ற 1987 மாடல் பிரீமியர் பத்மினி கார் வைத்திருக்கிறேன். போன வருடம் எஞ்சின் சிலிண்டர்களைக் கடைந்து ரீபோர் செய்தேன். மற்றதெல்லாம் கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கிறது. தினமும் எண்ணூருக்கு வேலைக்குப் போய்வருகிறேன், சில ஞாயிறுகளில் பழவேற்காடு. பிக்கப் போதவில்லை. பழைய கேம் ஷாஃப்டையே 280 டிகிரிக்குக் கிரைண்டிங் செய்து தருகிறேன், வண்டி பறக்கும் என்கிறார் தெரிந்த லேத்காரர் ஒருவர். செய்யலாமா?

பதில்: 280 வேண்டாம், தம்பி. கேம் மாற்றவே கூடாது என்று சொல்லவில்லை. உங்கள் எஞ்சினுக்கும் உங்கள் ரோட்டுக்கும் அந்த எண் சேராது.

கேம் ஷாஃப்ட் என்பது எஞ்சின் வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு; அதிலுள்ள மேடுகள்தான் லோப். 280 டிகிரி என்பது வால்வு எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்ற கணக்கு, கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் முக்கியத் தண்டு) சுற்றில் அளந்தது. வால்வை அதிக நேரம் திறந்து வைத்தால் மேல் ஆர்.பி.எம்மில் காற்று நிறைய உள்ளே போகும். சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் ரேஸ் நடந்த காலத்தில் ஓடிய ஃபியட்களுக்கு அது தேவைப்பட்டது. ரேஸ் ஓட்டுகிறவர் ஆர்.பி.எம்மைக் கீழே விடவே மாட்டார். நீங்கள் ஓட்டுவதோ எண்ணூர் விரைவுச் சாலையில், கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே, பாதி நேரம் முதல் கியரும் இரண்டாவது கியருமாக. உங்களுக்கு வேலை செய்ய வேண்டிய இடம் 1,500 முதல் 3,500 ஆர்.பி.எம் வரைதான்.

கேம் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் கேட்க மறக்கிற கேள்வி ஒன்று இருக்கிறது: இன்லெட் வால்வு, அதாவது காற்றும் பெட்ரோலும் உள்ளே வரும் வால்வு, எப்போது மூடுகிறது? பிஸ்டன் கீழே போய்த் திரும்பி மேலே ஏறத் தொடங்கிய பிறகும் இன்லெட் சற்று நேரம் திறந்தேதான் இருக்கும். அது மூடினால்தான் கம்ப்ரஷன் தொடங்கும். 250 டிகிரி கேம் ஒன்றில் இன்லெட், பிஸ்டன் உச்சிக்கு வர 15 டிகிரி முன்னால் திறந்து, அடிமட்டம் தாண்டி 55 டிகிரியில் மூடுகிறது என்று வையுங்கள். அதற்குள் பிஸ்டன் தன் ஓட்டத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு ஏறிவிடும். 280 டிகிரியில் அதே வால்வு 30க்குத் திறந்து 70இல் மூடும். அப்போது பிஸ்டன் கால் பங்குக்கும் மேல் ஏறியிருக்கும். மெதுவாகச் சுற்றும்போது, உள்ளே வந்த காற்றில் ஒரு பகுதியை அது திரும்ப, வந்த வழியான மேனிஃபோல்டு குழாய்க்கே தள்ளிவிடும். பெயருக்கு 8:1 கம்ப்ரஷன் (காற்றை எட்டில் ஒரு பங்காக அமுக்குவது) உள்ள எஞ்சினில் உண்மையில் கிடைப்பது முதல் கேமில் ஏறக்குறைய 6.9 என்றால், இரண்டாவதில் ஏறக்குறைய 6.2தான். பத்மினி அந்தக் காலப் பெட்ரோலுக்காகக் குறைந்த கம்ப்ரஷனில் செய்த 1089 சி.சி. எஞ்சின். இருப்பதே கொஞ்சம், அதையும் ஏன் இழக்க வேண்டும்?

இப்படி ஒரு வண்டி என் ஷெட்டுக்கு வந்தது. 4,000 தாண்டினால் அருமையாகப் பாடியது. ஆனால் சிக்னலில் ஐடிலிங் நிற்கவில்லை. கார்புரேட்டரை எப்படிச் செட்டிங் செய்தாலும் கிளட்சை விட்டதும் குலுங்கி அணைந்தது. இன்லெட்டும் எக்சாஸ்ட்டும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம், அதாவது ஓவர்லாப், அதிகமானதுதான் காரணம். எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியே போனதால் புகைச் சோதனையிலும் தேறவில்லை. கடைசியில் பழைய கேம்தான் உள்ளே போனது.

உங்களுக்கு நான் சொல்வது 255 முதல் 260 டிகிரி. இன்லெட் மூடுவது 60 டிகிரியைத் தாண்டக் கூடாது. லோப்களின் மையங்களுக்கு இடையே 110 டிகிரி. லிஃப்ட், அதாவது வால்வைத் தூக்கும் உயரம், இப்போது இருப்பதைவிடச் சிறிதளவு கூடுதல், அவ்வளவுதான். கிரைண்டிங் செய்பவரிடம் “எந்த லிஃப்டில் அளந்த டிகிரி?” என்று கட்டாயம் கேளுங்கள். ஒருவர் வால்வு அசையத் தொடங்கும் புள்ளியிலிருந்து அளப்பார், இன்னொருவர் 1 மி.மீ. தூக்கியதிலிருந்து. ஒரே கேமுக்கு 40 டிகிரி வித்தியாசம் வந்துவிடும். 1 மி.மீ. கணக்கில் 215க்கு மேல் போக வேண்டாம். லிஃப்ட் கேமில் அளந்ததா வால்வில் அளந்ததா என்பதையும் கேளுங்கள்; நடுவே ராக்கர் என்ற நெம்புகோல் இருப்பதால் இரண்டும் ஒன்றல்ல.

அதற்கும் முன்னால், கிராங்க்கிலிருந்து கேமைச் சுழற்றும் டைமிங் செயினைப் பாருங்கள். ரீபோர் செய்தவர்கள் செயினை மாற்றினார்களா? நீண்டுபோன செயின் கேமைப் பின்தங்க வைக்கும். அப்போது இன்லெட் தானாகவே தாமதமாக மூடும். நீங்கள் சொல்லும் பிக்கப் குறைவு அதனாலேயே இருக்கலாம். புதுச் செயினும் ஸ்ப்ராக்கெட்டும் போட்டு, கம்ப்ரஷன் டெஸ்ட் செய்து, டிஸ்ட்ரிபியூட்டர் டைமிங்கும் (ஸ்பார்க் வரும் நேரம்) சரிபார்த்த பிறகு ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். பாதிப் பேருக்கு கேம் ஆசை அங்கேயே தீர்ந்துவிடும்.

அப்புறமும் வேண்டும் என்றால் செய்யுங்கள், ஆனால் முழுதாகச் செய்யுங்கள். பழைய கேமைக் கிரைண்டிங் செய்வது என்றால் லோப்பின் அடிவட்டத்தை, அதாவது மேடில்லாத வட்டப் பகுதியை, சுரண்டித்தான் உயரம் கூட்டுகிறார்கள். மேலிருக்கும் கடினத் தோல் போய்விடலாம், அதனால் மறுபடி ஹார்டனிங் செய்து தருவாரா என்று கேளுங்கள். அடிவட்டம் சிறுத்தால் கேமின் மேல் உட்காரும் டேப்பெட்டும், அதிலிருந்து ராக்கருக்குப் போகும் புஷ் ராடும் கீழே இறங்கும். ராக்கர் ஸ்க்ரூவில் அதைச் சரிக்கட்ட இடம் இருக்க வேண்டும். டேப்பெட் முகங்களையும் புதிதாகத் தேய்த்தோ மாற்றியோதான் போட வேண்டும். பழைய டேப்பெட் புதுக் கேமைச் சில நூறு கிலோமீட்டரிலேயே தின்றுவிடும்.

வால்வுகள் இருக்கும் மேல்பாகமான ஹெட்டைப் பூட்டும் முன் பிஸ்டன் மேல் பிள்ளைகள் விளையாடும் களிமண்ணை லேசாக எண்ணெய் தடவி அப்புங்கள். கேஸ்கெட்டோடு ஹெட்டை முறுக்கி, ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவே வால்வு இடைவெளி வைத்து, கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். கழற்றினால் களிமண்ணில் வால்வின் பிறைத்தடம் தெரியும். பிளேடால் வெட்டி மெலிந்த இடத்தை அளங்கள்: இன்லெட்டுக்கு 2 மி.மீ., எக்சாஸ்ட்டுக்கு 2.5 மி.மீ.யாவது இருக்க வேண்டும். முழு லிஃப்டில் வால்வு ஸ்பிரிங் சுருள்கள் ஒன்றையொன்று தொடக் கூடாது, 1.5 மி.மீ. மிச்சம் வையுங்கள்.

லோப்களிலும் டேப்பெட்களிலும் மாலிப்டினம் கிரீஸ் பூசுங்கள். முதல் முறை ஸ்டார்ட் செய்ததும் ஐடிலிங்கில் விடவே விடாதீர்கள். 20 நிமிடம் 2,000 முதல் 2,500 ஆர்.பி.எம்மில் வையுங்கள். கேமுக்கு எண்ணெய் கிராங்க் வீசும் சிதறலில்தான் கிடைக்கிறது, மெதுவாக ஓடினால் போதாது. ரேடியேட்டர் நிரம்பியிருக்கிறதா, கார்புரேட்டரில் பெட்ரோல் ஏறிவிட்டதா என்பதையெல்லாம் சாவி திருப்பும் முன்பே பாருங்கள். எண்ணெய் 20டபிள்யூ-50. அந்த 20 நிமிடம் முடிந்ததும் அதை வடித்துவிட்டு ஃபில்டரோடு புதிதாக மாற்றுங்கள். 500 கிலோமீட்டரில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஃபீலர் கேஜ் வைத்து எட்டு வால்வையும் பாருங்கள். ஏதாவது ஒன்றில் மட்டும் இடைவெளி கூடியிருந்தால் அந்த லோப்போ அதன் டேப்பெட்டோ தேய்ந்துகொண்டிருக்கலாம். ஸ்க்ரூவைத் திருகி மறைக்காமல் உடனே கழற்றிப் பாருங்கள்.