பல வேலை பார்த்தவருக்கு நிலையான வேலை: காரைக்குடி நண்பருக்குப் பதில்

வணக்கம் சகோ. ஜவுளிக்கடை பில்லிங் 4 வருடம், சிங்கப்பூரில் ஸ்டோர் கீப்பர் 2, கூரியர் ஒன்றரை, கேட்டரிங் மேற்பார்வை 3. "எதிலும் நிலைக்காத ஆள்" என்று திருப்பி அனுப்புகிறார்கள் என எழுதியிருந்தீர்கள். நான்கிலும் நீங்கள் பார்த்தது ஒரே வேலைதான்: சரக்கை எண்ணி வாங்குவது, கணக்கோடு ஒப்படைப்பது. பயோடேட்டாவின் முதல் வரியில் "ஸ்டோர், கொள்முதல்: பத்தரை வருடம்" என்று போடுங்கள். கம்பெனி பெயரும் தேதியும் அதற்குக் கீழே, ஒரே பக்கத்துக்குள்.

"எல்லா வேலையும் செய்வேன்" என்று மட்டும் எழுதாதீர்கள். முதலாளி காதில் அது "எதுவும் தெரியாது" என்றே விழும்.

கானாடுகாத்தான், காரைக்குடி பக்கம் பழைய வீடுகளை ஹோட்டலாக நடத்துபவர்களுக்கு உங்களைப் போன்றவர் தேவை. காய்கறி வரவு, படுக்கை விரிப்பு எண்ணிக்கை, கேஸ் சிலிண்டர் எல்லாம் ஒருவரே பார்க்க வேண்டிய இடம். கூட்டம் கூடும் மார்கழி, தை மாதங்களில் போய்க் கேட்டால் தற்காலிக ஆளாகத்தான் எடுப்பார்கள். ஆவணியிலேயே மேலாளரை நேரில் பாருங்கள். பேட்டியில் இருப்புப் பதிவேட்டின் மாதிரித் தாள் ஒன்றை, தேதி, வரவு, செலவு, மீதி, கையெழுத்து எனக் கட்டம் போட்டு, மேசையில் வையுங்கள். பேச்சை விட அது பேசும்.

பிஎஃப் விஷயத்தில் அவசரப்படாதீர்கள். உள்ளூர்க் கம்பெனிகளில் பிடித்திருந்தால் ஒரே யுஏஎன் (பிஎஃப் உறுப்பினருக்கான நிரந்தர எண்) எண்ணுக்கு மாற்றுங்கள், பணத்தை எடுக்க வேண்டாம். ஓய்வூதியத்துக்கு 10 வருடச் சேவை வேண்டும். ஓய்வூதியப் பங்கையும் சேர்த்து எடுத்தால் அந்தச் சேவைக் கணக்கு அறுந்துவிடும். பழைய கம்பெனி விலகிய தேதியைப் பதியாமல் விட்டிருந்தால் மாற்றம் நின்றுவிடும். கடைசிச் சந்தா கட்டி 2 மாதம் கழிந்ததும் பிஎஃப் தளத்தில் நீங்களே பதியலாம்.