வேலூரில் வாடகை வீட்டைப் பார்த்துக்கொள்ள எப்படிப்பட்ட ஆளை வைக்கலாம்?

காட்பாடியிலும் சத்துவாச்சாரியிலும் வீடு வாங்கி வாடகைக்கு விட்டுவிட்டு, வெளியூரில் இருந்தபடி பார்த்துக்கொள்ள ஆள் தேடுவதாகக் கேட்டிருக்கிறீர்கள். அவர் எதற்குப் பணம் வாங்குகிறார் என்பதை முதலில் பாருங்கள். குடித்தனக்காரர் மாறும்போதெல்லாம் ஒரு மாத வாடகையைக் கமிஷனாகக் கேட்பவர் புரோக்கர். வீடு அடிக்கடி காலியானால்தான் அவருக்கு வருமானம். வசூலான வாடகையில் இத்தனை சதவீதம் என்று பேசி முடியுங்கள். வீடு பூட்டிக் கிடந்தால் தனக்கும் நஷ்டம் என்று தெரிந்தவர்தான் ஒழுகும் குழாயை அன்றைக்கே பார்ப்பார்.

2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், சொத்து மேலாளரின், அதாவது வீட்டுக்காரர் சார்பில் வீட்டைப் பார்த்துக்கொள்பவரின், வேலை என்ன என்பதையே சொல்கிறது: ரசீது கொடுத்து வாடகை வாங்குவது, அவசியமான பழுது பார்ப்பது, வீட்டைப் பார்வையிடுவது, நோட்டீஸ் கொடுப்பது. குடியிருப்பவரோடு போடும் வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். வீட்டுக்குள் போக 24 மணி நேரம் முன்பே எழுதித் தெரிவிக்க வேண்டும். வாடகை பாக்கி என்பதற்காகத் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தவே கூடாது. "மோட்டார ஆஃப் பண்ணா தானா குடுப்பாங்க சார்" என்று பேசுகிறவர் உங்களை வழக்கில் கொண்டுபோய் விடுவார், வேண்டாம்.

நம் ஊரில் ஆளைச் சோதிக்கத் தண்ணீரைப் பற்றிக் கேட்டாலே போதும். பல இடங்களில் போர் தண்ணீர் உப்பு. கீசர் காயிலில் உப்புப் படிந்து, சூடேற நேரமாகி, கடைசியில் காயில் போய்விடும். வருடம் ஒருமுறை கழற்றிச் சுத்தம் செய்தால் அது பெரும்பாலும் நடக்காது. ஏப்ரல், மே மாதங்களில் நீர்மட்டம் இறங்கியதும் சப்மெர்சிபிள் மோட்டார் தண்ணீரில்லாமல் ஓடி எரியும். பிறகு குழாயோடு மேலே தூக்கி ரீவைண்டிங் செய்கிற செலவு முழுக்க உங்கள் தலையில். தண்ணீர் வற்றியதும் தானாக நிற்கும் பேனல் அதைவிட மலிவு. இதைக் கேட்காமலே சொல்லுகிறவர் தொழில் தெரிந்தவர். வேறு ஏற்பாடு எழுதாதபோது குழாய் வாஷர், சுவிட்ச், கீசர் ரிப்பேர் குடியிருப்பவர் பொறுப்பு. சுவருக்கு வெள்ளையடித்தல், பைப் மாற்றுதல், வயரிங் வீட்டுக்காரர் பொறுப்பு. சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கும் இந்தப் பிரிவினை அவருக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும்.

சண்டை வருவதெல்லாம் காலி செய்யும் நாளில்தான். மின் கணக்கீடு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்பதால், நடுவில் போகிறவரின் பாக்கி அடுத்து வருகிறவர் பில்லில் ஏறும். குடிவரும் நாளிலும் போகும் நாளிலும் மீட்டர் ரீடிங், சுவர், கழிவறை, கதவுப் பூட்டு எல்லாவற்றையும் தேதி தெரியப் போட்டோ எடுத்து இரு தரப்புக்கும் அனுப்பச் சொல்லுங்கள். அட்வான்ஸில் பிடிக்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் கடை பில் வேண்டும்.

சி.எம்.சி. மருத்துவமனைக்கு வரும் நோயாளிகளுக்கு நாள் கணக்கில் விடுவது வேறு வேலை. பங்களாதேஷ் போன்ற வெளிநாட்டிலிருந்து வந்தவர் என்றால் 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் விவரம் பதிய வேண்டும். தவறினால் இடம் கொடுத்தவர்தான் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பழக்கம் இல்லாதவரிடம் மாத வாடகையை மட்டும் ஒப்படையுங்கள்.

வாடகை, அட்வான்ஸ், போக்கியத் தொகை எதுவும் அவர் கைக்குப் போகாமல் நேராக உங்கள் வங்கிக் கணக்குக்கே வரட்டும். அவருடைய பங்கை மாதக் கணக்கைப் பார்த்த பிறகு நீங்கள் அனுப்புங்கள்.