விளக்குத் துளை வழியாக முதலில் மேலே பாருங்கள்

கேள்வி: ஆறு ஆண்டுகளுக்கு முன் எங்கள் கூடத்தில் ஜிப்சம் போர்டு சீலிங் போட்டோம். இப்போது நடுவில் பத்தடி நீளத்துக்கு நூல் பிடித்ததுபோல் நேராக ஒரு விரிசல். பெயிண்டர் இரண்டு முறை பட்டி வைத்து வெள்ளை அடித்துவிட்டார். வாடைக்காற்றும் மழையும் ஓய்ந்து தை பிறந்ததும் அதே இடத்தில் திரும்பவும் விட்டுவிடுகிறது. கணவர் வெளிநாட்டில் இருக்கிறார். நானும் கல்லூரியில் படிக்கும் மகனும் சேர்ந்து சரிசெய்ய முடியுமா, அண்ணா?
– வாசகி, பெரியபட்டினம்

பதில்: முடியும், சகோதரி. ஆனால் பட்டித் தகட்டைக் கையில் எடுப்பதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. அதைச் செய்யாமல் விரிசலைத் தொடாதீர்கள்.

கூடத்துக்கு மின்சாரம் வரும் சுவிட்சை அணைத்துவிட்டு, சீலிங்கில் பதித்திருக்கும் வட்ட விளக்கு ஒன்றைக் கழற்றுங்கள். அந்தத் துளை வழியாக மகன் கைப்பேசியை உள்ளே நுழைத்து, டார்ச்சைப் போட்டு நாலாபுறமும் படம் எடுக்கட்டும். பார்க்க வேண்டியது காங்கிரீட் தளத்தின் அடிப்பக்கத்தை. பழுப்பு நிறக் கோடுகள், உப்பிய பூச்சு, வெளியே தெரியும் கம்பி, போர்டின் மேல் உதிர்ந்து கிடக்கும் சில்லுகள், இவற்றில் எது தெரிந்தாலும் உங்கள் சிக்கல் சீலிங்கில் இல்லை, தளத்தில் இருக்கிறது.

நம் கரையில் இதை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். உவர்நீரில் கலவை போட்ட வீடுகள் இங்கே நிறைய. கடல் மணலைக் கலந்தவர்களும் உண்டு. அந்த உப்பு கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது. துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அதனால் காங்கிரீட்டை உள்ளிருந்தே பிளந்து தள்ளுகிறது. சீலிங் இல்லாத வீட்டில் பூச்சு உதிரும்போதே கண்ணில் படும். சீலிங் போட்ட வீட்டில் போர்டு அதை மறைத்துவிடும். ஷார்ஜாவில் பதினான்கு ஆண்டுகள் இந்த வேலையைச் செய்துவிட்டு ஊர் திரும்பிய புதிதில், கீழக்கரையில் ஒரு வீட்டுக்குத் தளத்தைப் பார்க்காமலே சீலிங் மாட்டிக் கொடுத்தேன். நான்கு ஆண்டு கழித்து விரிசல் என்று அழைத்தார்கள். விளக்கைக் கழற்றிப் பார்த்தால், தொட்டிலுக்கு நேர் மேலே உள்ளங்கை அகலக் காங்கிரீட் துண்டுகள் போர்டின் மேல் கிடந்தன. அன்றிலிருந்து, தளத்தைக் காட்டாத வீட்டில் நான் வேலைக்கு ஒப்புக்கொள்வதில்லை. உங்கள் வீட்டிலும் அப்படித் தெரிந்தால் அறையைக் காலி செய்துவிட்டு, கட்டடப் பொறியாளர் ஒருவரை அழைத்துக் காட்டுங்கள்.

தளம் சுத்தமாக இருந்தால் மனம் நிம்மதியாக வேலையைத் தொடங்கலாம். நேர்கோட்டில் வரும் விரிசல் அநேகமாக இரண்டு போர்டுகள் சேரும் மூட்டுதான். கோணல்மாணலாகப் போர்டின் குறுக்கே ஓடினால் பாரமோ ஈரமோ காரணமாக இருக்கும். கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். ஊறிய சோறுபோல் அமுங்கினால் அந்தப் பகுதியை வெட்டி எடுத்து வேறு போர்டுதான் வைக்க வேண்டும். ஜிப்சம் நனைந்தால் வலு போய்விடும், மேலே ஒட்டிய தாளும் பிரியும். காய்ந்த பிறகும் பழைய பலம் வருவதில்லை. மொட்டைமாடி ஒழுகினால் முதலில் அந்த ஒழுகலை அடைத்துவிடுங்கள்.

உங்கள் பெயிண்டர் வைத்தது சுவருக்குப் பூசும் வெள்ளை சிமெண்ட் பட்டியாக இருக்க வேண்டும். அது கல்போல் இறுகும், அசைவுக்கு ஈடுகொடுக்காது. மூட்டுக்கு வேண்டியது ஜாயிண்டிங் காம்பவுண்டும் (ஜிப்சம் போர்டு மூட்டை அடைப்பதற்கென்றே விற்கும் பூச்சு) இரண்டு அங்குல அகலப் பேப்பர் டேப்பும். டேப் இல்லாத மூட்டு, எத்தனை முறை அடைத்தாலும் மறுபடி விடும்.

போர்டு அசைகிறதா என்று விரிசலின் இரு ஓரத்திலும் தள்ளிப் பாருங்கள். அசைந்தால் 25 மி.மீ. டிரைவால் ஸ்குரூவை ஒன்பது அங்குலத்துக்கு ஒன்றாகச் சேனலில், அதாவது போர்டைத் தாங்கும் உலோகச் சட்டத்தில், ஏறும்படி முடுக்குங்கள். தலை தாளைக் கிழிக்காமல் சற்றே உள்ளே அமுங்க வேண்டும். தாள் கிழிந்தால் அந்த ஸ்குரூ பிடிக்காது. அதைக் கழற்றி இரண்டு அங்குலம் தள்ளி வேறொன்று போடுங்கள்.

பிறகு பழைய பட்டியை விரிசலின் இருபுறமும் மூன்று அங்குலம் சுரண்டி எடுங்கள். தூசி கண்ணிலும் மூச்சிலும் போகும். கண்ணாடியும் முகக்கவசமும் இல்லாமல் மகனை ஏணியில் ஏற்றாதீர்கள். கத்தியால் விரிசலைச் சற்று அகலமாகக் கீறித் தூசியைத் துடைத்து, காம்பவுண்டால் நிரப்பிக் காய விடுங்கள். அதன் மேல் மெல்லிய பூச்சு ஒன்று கொடுத்து, ஈரமாக இருக்கும்போதே டேப்பை ஒட்டி, நடுவிலிருந்து முனைகளை நோக்கித் தகட்டால் இழுங்கள். உள்ளே காற்றுக் குமிழ் நின்றால் அந்த இடம் பிறகு பொருக்காக எழும். அவசரப்படாமல் இழுங்கள், மொத்த வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

ஒரு நாள் முழுக்கக் காய்ந்த பிறகு எட்டு அங்குல அகலத்துக்கு இரண்டாவது பூச்சு, அதுவும் காய்ந்ததும் ஒரு அடி அகலத்துக்கு மூன்றாவது. ஒவ்வொன்றும் மெல்லியதாக இருக்கட்டும். கனமாக அப்பினால் காயும்போதே வெடிக்கும். கடைசியில் 180 எண் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, பிரைமர் அடித்து, கூடத்துச் சீலிங் முழுவதற்கும் வண்ணம் பூசுங்கள். அடைத்த இடத்துக்கு மட்டும் பூசினால் பட்டையாகத் தெரியும். மாசி, பங்குனி இதற்கு ஏற்ற காலம். ஐப்பசி, கார்த்திகையில் தொடங்கினால் நம் ஊர் ஈரக்காற்றில் ஒரு பூச்சுக்கு இரண்டு மூன்று நாள்கூட ஆகும்.

கேள்வி: சுவரும் சீலிங்கும் சேரும் ஓரம் முழுக்க முடி இழை போல விரிசல். பயப்பட வேண்டுமா?
– வாசகர், தொண்டி

பதில்: வேண்டாம். சுவர் வேறு, தொங்கும் சீலிங் வேறு. வெயிலுக்கும் ஈரத்துக்கும் இரண்டும் தனித்தனியாக அசையும். அந்த ஓரத்தில் பட்டி நிற்காது. ரப்பர்போல் வளைந்துகொடுக்கும் அக்ரிலிக் சீலண்டைத் துப்பாக்கிக் குழாயால் இட்டு, ஈர விரலால் வழித்துவிடுங்கள். சிலிக்கான் வாங்காதீர்கள். அதன் மேல் பெயிண்ட் பிடிக்காது.

கேள்வி: எங்கள் வீடு கடலுக்கு மிக அருகில் இருக்கிறது. சீலிங்கில் வரிசையாகப் பழுப்புப் புள்ளிகள் வருகின்றன. வெள்ளை அடித்தாலும் மேலே வந்துவிடுகின்றன.
– வாசகர், மண்டபம்

பதில்: அவை ஸ்குரூ தலைகள். தண்ணீர் கலந்த பூச்சு துருவைத் தடுக்காது, ஊறி வெளியே கொண்டுவரும். துருப்பிடித்த ஸ்குரூவைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் புதிதாக ஒன்று முடுக்கி, பழைய துளையைச் சுரண்டி அடைத்து, புள்ளிகளின் மேல் மட்டும் எண்ணெய் பிரைமர் ஒரு கை அடித்த பின் வண்ணம் பூசுங்கள். கழற்றும்போது ஸ்குரூ சுற்றிக்கொண்டே இருந்து பிடிப்பில்லாமல் வந்தால் சேனலே அரித்திருக்கிறது என்று பொருள். அப்போது விளக்குத் துளை வழியாகச் சேனலையும் அதைத் தாங்கும் கம்பிகளையும் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். அதுவரை அதற்குக் கீழே கட்டில் போடாதீர்கள்.