தெரிவுக்கும் கையெழுத்துக்கும் இடையில்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அமெரிக்க பேஸ்போல் கழகங்கள் ஆண்டுதோறும் பாடசாலை, பல்கலைக்கழக வீரர்களைத் தெரிவு செய்கின்றன. பின்னர், தெரிவான வீரர்களில் இன்னின்னாரை ஒப்பந்தம் செய்துவிட்டோம் என்று தனியாக வேறு அறிவிக்கின்றன. ஐ.பி.எல். ஏலத்தில் பெயர் விழுந்ததும் காரியம் முடிந்துவிடுகிறதே, இங்கு ஏன் இரண்டு கட்டங்கள்?
– ஹட்டனிலிருந்து ஒரு வாசகர்

பதில்: ஏலத்தில் பல அணிகள் ஒரே வீரருக்காகப் போட்டியிட்டு அவருடைய விலையை ஏற்றிவிடுகின்றன. அமெரிக்காவில் 1965ஆம் ஆண்டு தொடங்கிய தெரிவுமுறை, அந்தப் போட்டியே எழாதபடி வகுக்கப்பட்டது. ஒரு கழகம் ஒருவரின் பெயரைச் சொல்லிவிட்டால் மற்ற 29 கழகங்களும் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். அவருடன் பேரம் பேசும் உரிமை பெயர் சொன்ன கழகத்துக்கு மட்டுமே உண்டு. ஆனால் பேசும் உரிமைதான் கிடைக்கிறதே தவிர, வீரரே கிடைத்துவிடுவதில்லை. குறித்த நாளுக்குள் அவர் கையெழுத்திட மறுத்தால் அந்த உரிமை காலாவதியாகிவிடும்.

மறுக்கக்கூடிய இந்த உரிமைதான் அந்த இளைஞரின் கையிலுள்ள ஒரே பலம் என்பது என் கருத்து. உயர்நிலைப் பாடசாலையை முடித்த 18 வயதுப் பிள்ளை, "உங்கள் தொகை போதாது, நான் பல்கலைக்கழகம் போகிறேன்" என்று சொல்லிவிட்டு, மூன்றாண்டு படித்த பின் மீண்டும் தெரிவுக்கு வரலாம். பல்கலைக்கழகத்தில் நான்கு ஆண்டுகளையும் முடித்தவருக்கு அப்படித் திரும்பிப் போக இடமில்லை என்பதால், சம திறமை இருந்தாலும் அவர் மிகக் குறைந்த தொகைக்கு இணங்க வேண்டிய நிலை ஏற்படுகிறது.

கேள்வி: முதலிடத்தில் தெரிவானவர் தமக்குக் குறிக்கப்பட்ட தொகையை விடக் குறைவாகவும், பின்னால் வந்தவர் கூடுதலாகவும் பெறுவது உண்டாமே. அது எப்படி?
– பதுளையிலிருந்து ஓர் ஆசிரியை

பதில்: 2012ஆம் ஆண்டு முதல், கழகங்கள் முறைவைத்து ஆளுக்கொருவராகத் தெரிவு செய்யும் சுற்றுகளில் முதல் பத்தின் ஒவ்வோர் இடத்துக்கும், கழகங்களை நிர்வகிக்கும் லீக் ஒரு தொகையைக் குறித்து வைக்கிறது. ஒரு கழகத்துக்கு உரிய இடங்களின் தொகைகளைக் கூட்டினால் வருவதே அந்த ஆண்டுக்கான அதன் மொத்த ஒதுக்கீடு. அதை ஐந்து சதவீதத்துக்கு மேல் தாண்டினால் அடுத்த ஆண்டின் முதற்சுற்று வாய்ப்பே பறிபோகும் என்பதால் கழகங்கள் அந்த எல்லையைத் தாண்ட அஞ்சுகின்றன. ஆனால் ஒதுக்கீட்டுக்குள் யாருக்கு எவ்வளவு என்பதைக் கழகமே தீர்மானிக்கலாம். ஒருவரிடம் மிச்சம் பிடித்தது இன்னொருவருக்குப் போகும்.

இந்த விதி வந்த முதலாண்டிலேயே ஹூஸ்டன் அஸ்ட்ரோஸ் கழகம் அதை நன்றாகப் பயன்படுத்தியது. புவேர்ட்டோ ரிக்கோவைச் சேர்ந்த கார்லோஸ் கொரேயாவை முதலிடத்தில் தெரிவு செய்து, குறித்திருந்த 72 இலட்சம் டொலருக்குப் பதிலாக 48 இலட்சம் டொலருக்கு ஒப்பந்தம் செய்தது. மிஞ்சிய பணத்தைக் கொண்டு, பல்கலைக்கழகம் போவதாக இருந்த லான்ஸ் மெக்கல்லர்ஸ் என்ற பந்துவீச்சாளரை 25 இலட்சம் டொலர் கொடுத்து இணைத்துக்கொண்டது. 41ஆம் இடத்தில் தெரிவானவருக்கு அது பெருந்தொகை. 2017இல் அக்கழகம் வாகை சூடியபோது இருவருமே அணியில் இருந்தார்கள்.

அதே விதியின் கொடிய பக்கத்தையும் அதே கழகத்திலேயே பார்க்கலாம். 2014இல் முதலிடத்தில் தெரிவான பிரேடி ஐக்கன் 65 இலட்சம் டொலருக்கு இணங்கியிருந்தார். மருத்துவப் பரிசோதனையில் அவருடைய முழங்கையைப் பற்றி ஐயம் எழுந்ததும் கழகம் தொகையைக் குறைத்தது, பேச்சு முறிந்தது. கையெழுத்திடாத வீரருக்குரிய தொகை ஒதுக்கீட்டிலிருந்து கழிக்கப்படும் என்பதால், 15 இலட்சத்துக்கு வாய்மொழியாக இணங்கியிருந்த ஐந்தாம் சுற்று வீரர் ஜேக்கப் நிக்ஸுக்கும் கொடுக்கப் பணமில்லாமல் போயிற்று. ஐக்கனின் முழங்கைக்கு அடுத்த ஆண்டே அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டது, ஆகவே கழகத்தின் ஐயத்தைக் குறைகூற முடியாது. ஆனால் எந்தத் தவறும் செய்யாத நிக்ஸ் மற்றவருடைய முழங்கைக்காகத் தம் தொகையை இழந்தது அநியாயம் என்றே நான் கருதுகிறேன். கழகத்துக்கோ நட்டஈடாக 2015இல் இரண்டாவதாகத் தெரிவு செய்யும் வாய்ப்புக் கிடைத்தது. அதில் அது தெரிவு செய்த அலெக்ஸ் பிரெக்மன் பின்னர் புகழ்பெற்ற வீரரானார்.

கேள்வி: எங்கள் பாட்டன், பூட்டன் காலத்தில் கங்காணியிடம் முன்பணம் வாங்கியவர்கள், அந்தக் கடன் எழுதிய துண்டோடு தோட்டம் தோட்டமாகக் கட்டுண்டு கிடந்தார்கள். கையெழுத்துக்காகக் கொடுக்கும் இந்தப் பணமும் அப்படிப்பட்ட கடன்தானா?
– கொட்டகலையிலிருந்து ஒரு வாசகர்

பதில்: மலையகத்தில் பிறந்தவருக்கு இந்தக் கேள்வி எழுவது இயல்பே. 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்ட துண்டுமுறையில் முன்பணம் தொழிலாளியின் தலையில் கடனாகவே நின்றது. வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் அங்குள்ளவர்கள் அதைத் தீர்க்க வேண்டியிருந்தது. பேஸ்போல் போனஸ் அப்படிப்பட்டதல்ல. ஆட்டம் சரியில்லை என்று கழகமே வீரரை விடுவித்தால், கொடுத்ததைத் திருப்பிக் கேட்பதில்லை. ஆனால் வீரர் தாமாக விலகினால் நிலைமை வேறு. 2018இல் ஓக்லண்ட் கழகத்துடன் 46 இலட்சத்து 60 ஆயிரம் டொலருக்கு ஒப்பந்தம் செய்த கைலர் மரே, அடுத்த ஆண்டு அமெரிக்கக் காற்பந்தைத் தேர்ந்தெடுத்தபோது, கையில் பெற்றிருந்த 15 இலட்சத்தில் 12 இலட்சத்து 90 ஆயிரத்தைத் திருப்பிக் கொடுத்தார். வரவிருந்த மீதியையும் கைவிட்டார்.

கட்டுப்பாடு பணத்தில் இல்லை, காலத்தில் இருக்கிறது. கையெழுத்திட்டவர் பல ஆண்டுகளுக்கு அந்தக் கழகத்தின் உரிமையிலேயே இருப்பார். கழகம் அவரை மாற்றிக்கொள்ளலாம், அவர் கழகத்தை மாற்றிக்கொள்ள முடியாது. பெரும்பாலோர், உச்சநிலையான மேஜர் லீக்குக்குக் கீழே பல படிகளைக் கொண்ட மைனர் லீக்கில்தான் அந்த ஆண்டுகளைக் கழிக்கிறார்கள். அங்கு ஊதியம் நெடுங்காலம் மிகவும் சொற்பமாக இருந்தது. வீரர்கள் 2022இல் தொழிற்சங்கத்தில் இணைந்து, 2023இல் செய்துகொண்ட முதல் கூட்டு ஒப்பந்தத்தின் பிறகே, கடைநிலையில் ஆண்டுக்கு 19,800 டொலரும் மேல்நிலையில் 35,800 டொலரும் குறைந்தபட்ச ஊதியமாயின. கூட்டு ஒப்பந்தத்தின் பெறுமதியைத் தோட்டத்து மக்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: படிப்பை விட்டுவிட்டுப் போகும் பிள்ளைக்கு விளையாட்டும் கைகொடுக்காவிட்டால் என்ன கதி?
– தலவாக்கலையிலிருந்து ஒரு தாய்

பதில்: போனஸைத் தவிர, பிற்காலக் கல்விச் செலவுக்கென ஒரு தொகையைக் கழகம் ஏற்பதாக ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ள வழியுண்டு. விளையாட்டை விட்ட இரண்டு ஆண்டுகளுக்குள் படிப்பைத் தொடங்க வேண்டும் என்பது நிபந்தனை. போனஸ் தொகைக்காக நாளெல்லாம் வாதாடும் பெற்றோர், அந்தப் பந்தியையும் அதே கவனத்தோடு வாசித்து, ஒவ்வொரு பருவத்துக்கும் எவ்வளவு என்று பேசித் தீர்த்துக்கொள்வது மிகவும் அவசியம்.

கேள்வி: நம் பிள்ளைகள் அந்தத் தெரிவில் இடம்பெற முடியுமா?
– பண்டாரவளையிலிருந்து ஒரு மாணவர்

பதில்: இங்கிருந்தபடி முடியாது. அமெரிக்கா, கனடா, புவேர்ட்டோ ரிக்கோ ஆகிய இடங்களில் வசிப்பவர்களுக்கும் அங்கு கல்வி கற்பவர்களுக்குமே அந்தத் தெரிவு உரியது. மற்ற நாட்டு இளைஞர்கள் எந்தக் கழகத்துடனும் நேரடியாக ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். உத்தரப் பிரதேசத்தில் ஈட்டி எறிந்துகொண்டிருந்த ரிங்கு சிங்கும் தினேஷ் பட்டேலும் 2008இல் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் கழகத்தில் சேர்ந்தது அந்த வழியில்தான். இருவருமே மேஜர் லீக் வரை எட்டவில்லை என்றாலும், பேஸ்போலே அறியாத ஊரிலிருந்து கை வலிமையை மட்டும் நம்பிப் போனவர்கள் அவர்கள்.