டெலவேரில் கம்பெனி, கோவையில் நீங்கள்: கடிதங்கள் யார் கைக்கு வரும்?

கேள்வி: கோவையில் இருந்தபடி அமெரிக்க வாடிக்கையாளர்களுக்கு மென்பொருள் விற்கிறேன். டெலவேரில் என் ஒருவன் பெயரில் எல்எல்சி (உரிமையாளரின் பொறுப்பு வரையறுக்கப்பட்ட கம்பெனி) தொடங்கப் போகிறேன். அதற்கு ரெஜிஸ்டர்ட் ஏஜென்ட் வேண்டுமாம். ஆண்டுக்கு 50 டாலருக்கும் கிடைக்கிறது, 300 டாலருக்கும் கிடைக்கிறது. தபால் முகவரியும் சேர்த்தே தருகிறோம் என்கிறது ஒரு நிறுவனம். மலிவானதை எடுத்தால் போதாதா? நியூ ஜெர்சியில் அத்தை மகன் இருக்கிறார், அவர் வீட்டு முகவரியைக் கொடுத்துவிடலாமா?

பதில்: அத்தை மகன் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். ஏஜென்ட்டாக அவர் முகவரி செல்லாது. டெலவேர் சட்டப்படி ஏஜென்ட்டுக்கு அந்த மாநிலத்துக்குள்ளேயே தெரு முகவரி இருக்க வேண்டும், அலுவலக நேரத்தில் காகிதம் வாங்க அங்கே ஆளும் இருக்க வேண்டும். தபால் பெட்டி எண் கூடாது. நியூ ஜெர்சி ஆற்றைத் தாண்டினால் வந்துவிடும், ஆனாலும் வேறு மாநிலம்.

நம் ஊரில் கம்பெனிக்குப் பதிவு அலுவலகம் இருந்தால் போதும், நோட்டீஸ் அங்கேயே வரும். அமெரிக்காவில் அந்த வேலையைச் செய்யவே ஒருவரை நியமிக்க வேண்டும். அவருக்கு இரண்டு வேலைதான்: உங்கள் கம்பெனி மீது யாராவது வழக்குப் போட்டால் அந்த சம்மனை வாங்குவது, மாநில அரசின் அறிவிப்புகளை வாங்குவது. வாங்கியதை உங்களுக்கு அனுப்பி வைப்பார். வங்கிக் கடிதம், வாடிக்கையாளர் அனுப்பும் காசோலை, அமெரிக்க வருமான வரித் துறையின் நோட்டீஸ் எல்லாம் அவர் கணக்கில் வராது. குறைந்த விலை ஏஜென்ட்கள் பலர் அவற்றைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அல்லது கடிதத்துக்கு இவ்வளவு என்று தனியாக வசூலிப்பார்கள்.

சம்மன் விஷயத்தில் கொஞ்சம் நிதானமாக யோசியுங்கள். டெலவேர் மாநில நீதிமன்றத்தில் பதில் தாக்கல் செய்ய 20 நாள், மத்திய நீதிமன்றத்தில் 21 நாள். அந்தக் கணக்கு ஏஜென்ட் கையில் காகிதம் கிடைத்த நாளிலிருந்து ஓடும், நீங்கள் பார்த்த நாளிலிருந்து அல்ல. பதில் போகாவிட்டால் எக்ஸ்பார்ட்டி தீர்ப்புதான், அதாவது உங்கள் தரப்பைக் கேட்காமலே தீர்ப்பு. அதனால் விலையைப் பார்ப்பதற்கு முன் மூன்று விஷயம் கேளுங்கள். சம்மன் வந்தால் அன்றே ஸ்கேன் செய்து அனுப்புவீர்களா? ஒன்றுக்கு மேற்பட்ட மின்னஞ்சலுக்கு அனுப்புவீர்களா? இரண்டாம் ஆண்டு கட்டணம் எவ்வளவு? இதற்கெல்லாம் எழுத்தில் தெளிவாகப் பதில் சொல்கிற 50 டாலர் ஏஜென்ட் உங்களுக்குத் தாராளம். 300 டாலர்க்காரர் தருவது பெரும்பாலும் நினைவூட்டல்களும் அழகான டேஷ்போர்டும்தான். "முதல் ஆண்டு இலவசம்" என்பவரிடம்தான் மூன்றாவது கேள்வியை அழுத்திக் கேட்க வேண்டும்.

ஏஜென்ட்டிடம் உங்கள் பக்கத்துத் தொடர்பு நபர் ஒருவரின் பெயர், முகவரி, தொலைபேசி எண் எப்போதும் சரியாக இருக்க வேண்டும். இது சட்டமே கேட்பது. வேலையை விட்டுப் போன பையனின் மின்னஞ்சலைக் கொடுத்துவிட்டு மறந்துபோகிறவர்கள் நிறையப் பேர். கட்டணம் பாக்கி விழுந்தாலோ தொடர்பு அறுந்தாலோ ஏஜென்ட் 30 நாள் நோட்டீஸ் கொடுத்து விலகிக்கொள்ளலாம். குறித்த காலத்துக்குள் வேறொருவரை நியமிக்காவிட்டால் எல்எல்சியின் பதிவே ரத்தாகும். கார்டு காலாவதியாகி 50 டாலர் கட்டணம் போகாமல் நின்றதற்கு இது பெரிய விலை.

சரி, தபால். இதைத் தனிச் சேவையாக எடுங்கள் என்பதுதான் என் கருத்து. ஒரே நிறுவனத்திடம் இரண்டையும் வாங்குவதில் சட்டச் சிக்கல் எதுவும் இல்லை. ஆனால் அவரிடம் மனக்கசப்பு வந்து மாறும்போது சம்மன் முகவரி, வங்கி முகவரி, வரி முகவரி மூன்றையும் ஒரே வாரத்தில் மாற்றிக்கொண்டு அலைய வேண்டியிருக்கும். வரித் துறைக்கு முகவரி மாற்றத்தைச் சொல்ல 8822-பி என்று தனிப் படிவமே உண்டு. மாநிலத்தில் மாற்றினால் அங்கே தானாக மாறாது.

தபால் சேவை எடுக்கும்போது உங்கள் தபாலை அவர்கள் வாங்க அனுமதி தரும் அமெரிக்கத் தபால் துறையின் 1583ஆம் படிவத்தில் கையெழுத்திட வேண்டும். பாஸ்போர்ட்டும் முகவரியைக் காட்டும் இன்னொரு ஆவணமும் கேட்பார்கள், வீடியோ வழியாக நோட்டரி முன் முடித்துவிடலாம். படிவமே வேண்டாம் என்று ஒரு சேவை சொன்னால் அதை விட்டு விலகுங்கள். நம்மவர்களுக்கு இங்கே இனிஷியல் பிரச்சினை வரும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக விரிந்திருக்கும், கம்பெனி ஆவணத்தில் ஒற்றை எழுத்தாக நிற்கும். முதல் நாளிலிருந்தே பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எல்லா இடத்திலும் எழுதுங்கள்.

உறை ஒன்றைத் திறந்து ஸ்கேன் செய்ய எவ்வளவு, இந்தியாவுக்குக் கூரியர் உண்டா, காசோலை வந்தால் வங்கியில் போடுவார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வங்கி டெபிட் கார்டு அந்த முகவரிக்குத்தான் வரப்போகிறது என்றால் கூரியர் கேள்வி முக்கியம். சேவையை நிறுத்தினாலும் ஆறு மாதம் உங்கள் தபாலை மறு முகவரிக்கு அனுப்ப வேண்டும் என்பது தபால் துறை விதி. செலவு உங்களுடையது. தபால் வாங்கி வைக்க அத்தை மகன் வேண்டுமானால் உதவலாம். ஆனால் அவர் வீடு மாறினாலும், விடுமுறைக்கு ஊருக்கு வந்தாலும் உங்கள் கடிதம் அங்கே கிடக்கும்.

வங்கி "தொழில் நடக்கும் இடம்" எது என்று கேட்டால் கோவை முகவரியையே சொல்லுங்கள். வில்மிங்டன் நகரில் நார்த் ஆரஞ்சு தெரு 1209ஆம் எண்ணில் ஒற்றைத் தளக் கட்டடம் ஒன்று இருக்கிறது, லட்சக்கணக்கான கம்பெனிகளுக்கு அதுதான் பதிவு முகவரி. இப்படிப்பட்ட முகவரிகள் வங்கிகளுக்கு அத்துப்படி, எழுதிக் கொடுத்தால் விண்ணப்பம் அங்கேயே நிற்கும்.

பதிவு முடிந்ததும் அரசு முத்திரை மாதிரி அச்சிட்ட கடிதங்கள் வரத் தொடங்கும். சான்றிதழ் வாங்குங்கள், தொழிலாளர் சட்டச் சுவரொட்டி வாங்குங்கள், உடனே பணம் கட்டுங்கள் என்றெல்லாம் இருக்கும். டெலவேர் எல்எல்சிக்கு மாநிலம் கேட்கும் ஆண்டு வரி 300 டாலர், கடைசி நாள் ஜூன் 1. தவறினால் 200 டாலர் அபராதம், மாதம் 1.5 சதவீத வட்டி. எல்எல்சிக்கு ஆண்டறிக்கை கிடையாது, "ஆண்டறிக்கைக் கட்டணம்" என்று எது வந்தாலும் கிழித்துப் போடலாம்.

இதைவிடப் பெரிய தொகை ஒன்றுக்கு யாரும் கடிதம் போட்டு நினைவூட்ட மாட்டார்கள். வெளிநாட்டவர் ஒருவருக்கே சொந்தமான எல்எல்சி ஆண்டுதோறும் 5472ஆம் படிவத்தை அமெரிக்க வரித் துறைக்கு அனுப்ப வேண்டும். சாதாரணமாக ஏப்ரல் 15 கடைசி நாள், தவறினால் அபராதம் 25,000 டாலர். லாபமே இல்லாவிட்டாலும், கம்பெனி தொடங்க நீங்கள் போட்ட பணமே அதில் காட்ட வேண்டிய பரிவர்த்தனை. அந்தப் பணத்தை இங்கிருந்து அனுப்புவதற்கு முன் உங்கள் வங்கியில் வெளிநாட்டு முதலீட்டுக்கான எஃப்சி படிவத்தை முடித்துவிடுங்கள். இந்தியாவில் தாக்கல் செய்யும் வருமான வரி ரிட்டர்னில் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையிலும் இந்த எல்எல்சி வர வேண்டும் என்று ஆடிட்டரிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.